கானும் கானும்

தமிழ் கற்றார்க்கு நேரும் நோய்களுள் ஒன்று, ஊர்ப்பலகையைக் கண்டவுடன் பெயரைப் பிரித்துப் பொருள் காணும் நோய். பேருந்து நிற்பதற்குள் பகுதி, விகுதி, சந்தி எல்லாம் முடிந்துவிடும். திருவில்லிபுத்தூர் வட்டாரம் இந்நோயாளர்க்குப் பெருவிருந்து. வில்லி என்னும் வேடன் காடு திருத்தி அமைத்த ஊர் ஆதலின் வில்லிபுத்தூர் என்பது தலபுராணம். வற்றாத நீர்வளம் உடைமையால் வற்றாயிருப்பு, அதுவே வத்திராயிருப்பு ஆயிற்று என்பாரும் உளர். ஆங்கிலேயர் அதனை 'வாட்ராப்' என்று எழுதிவைத்தனர். வற்றாத ஊர், எழுத்தளவில் அங்கே பாதியாக வற்றிப்போயிற்று.

இவ்விருந்தின் இறுதியில் இலையில் விழுவது கான்சாபுரம். கூமாப்பட்டிப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், தென்னந்தோப்புகளும் காடும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இடத்தில் இவ்வூர் உள்ளது. நிகண்டு கற்றவர் இப்பலகையைக் கண்டால் அவர்தம் மகிழ்ச்சிக்கு எல்லை இராது. கான் என்றால் காடு. கானகம், கானம், கான்யாறு எனச் சான்றுகள் வரிசையில் வந்து நிற்கும். எதிரே காடும் நிற்கிறது. கான் என்பதற்கு மணம் என்றும் ஒரு பொருள் உண்டு. அதற்குத் துணைசெய்யத் திருவில்லிபுத்தூர் மலையடியிலேயே செண்பகத்தோப்பு இருக்கிறது. (ஈழத்திலிருந்து ஒரு தமிழன்பர் உடன்வந்தால் மட்டும் சிறிது சங்கடம். அங்கே கான் என்பது தெருவோரக் கழிவுநீர் வடிகால்.)

எஞ்சுவது 'சா'. அதற்குத் தமிழில் ஒரே பொருள்தான் முந்தி வரும்: இறப்பு. எனவே கானிற் சாவு நேர்ந்த புரம் கான்சாபுரம். புலி அடித்தோ யானை மிதித்தோ மாண்டார் என்று கதை கட்டுவதற்கும் தடையில்லை. 1988இல் நரை அணில்களுக்கெனச் சரணாலயமாக்கப்பெற்று, 2021இல் மேகமலையுடன் சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பெற்ற மலை பின்னாலேயே நிற்கிறது. கட்டுரை ஏறக்குறைய முடிந்தது. அச்சிற்கு அனுப்பவேண்டியதுதான் பாக்கி.

ஆனால் உண்மையாகவே கானால் பெயர்பெற்ற ஊர்கள் வேறு வகையில் அமைந்துள்ளன. காளையார்கோயிலின் பழம்பெயர் கானப்பேர்; புறநானூறு அறிந்த கானப்பேரெயில் அதுவே. அங்கே கானை அடுத்துப் பேரும் எயிலும் இயல்பாக வந்து அமைகின்றன. கான்சாபுரத்திலோ இடையில் ஒரு 'சா' வந்து, எவ்விலக்கணத்திற்கும் கட்டுப்படாமல், மாட்டுவண்டிக்குக் குறுக்கே படுத்த எருமைபோலக் கிடக்கிறது.

அந்த எருமையை எழுப்புவதற்கு நன்னூலார் சொன்ன மரூஉ ஒன்றே போதும். ஊர்ப்பெயரின் முழுவடிவம் கான்சாகிபுபுரம். வேகமாகச் சொல்லும் நாவில் 'கி' கரையும். அடுத்தடுத்து நின்ற இரண்டு 'பு'க்களுள் ஒன்று மற்றொன்றில் மறையும். கான்சாபுரம் தானே நிற்கும். கான் என்பது நடு ஆசியத் துருக்கியர், மங்கோலியர் தலைவர்க்கு வழங்கிய பட்டம். செங்கிசுகானும் இவ்வூரும் அவ்வகையில் உறவினர். சாகிபு அரபுச்சொல், தோழன் எனத் தொடங்கி, ஐயா என்னும் மதிப்புச்சொல்லாகத் தேய்ந்தது. புரம் தமிழர் நன்கறிந்த வடசொல். மூன்று திசைச்சொற்கள் ஒரு மலையடியில் கூடிக் கலந்து, தமிழ்ச்சொல்லைப் போலவே நடித்துக்கொண்டிருக்கின்றன.

கான்சாகிபு என்ற பட்டத்தைப் பிற்காலத்தில் ஆங்கில அரசு பலர்க்கும் வழங்கியது. எனினும் பாண்டிநாட்டு மக்கள் அடைமொழி ஏதுமின்றிக் கான்சாகிபு என்றால் அது ஒருவரையே குறிக்கும்: முகமது யூசுப்கான். மதுரையில் கான்சா மேட்டுத் தெருவிலும் இதே தேய்ந்த வடிவத்தைக் காணலாம். இராமநாதபுரச் சீமைப் பனையூரில் பிறந்தவர் என்றும் இயற்பெயர் மருதநாயகம் என்றும் கூறுவர். மருதத்தின் நாயகர் கான் ஆனார் என்பதில் திணைமயக்கம் காண்பது கவிஞர் உரிமை.

வேடிக்கை இதனோடு முடியவில்லை. இந்தக் கானுக்கும் அந்தக் கானுக்கும் பகை. அந்நாளில் இம்மலையடி முழுவதும் பாளையங்கள்: சேற்றூர், சிவகிரி, கொல்லங்கொண்டான், தெற்கே பூலித்தேவரின் நெற்கட்டுஞ்செவ்வல். (ஆங்கிலக் கும்பினியின் வரலாறு எழுதிய இராபர்ட்டு ஓர்ம் இக்கடைசிப் பெயரை 'நெல்லித்தங்கவில்' என்று எழுதினார். அவர் காலத்தில் மரூஉ ஒருவழிப் பாதையன்று.) மண்கோட்டையைச் சுற்றி முள்ளடர்ந்த காடு. சங்கப் புலவர் மிளை எனப் பாடிய காவற்காடு, பதினெட்டாம் நூற்றாண்டிலும் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. பீரங்கி கோட்டையை அடையுமுன் படை காட்டை வெட்டி வழி காணவேண்டும். கும்பினிப் படையில் கும்மந்தானாக, அதாவது கமாண்டண்டாக, இருந்த யூசுப்கான் 1756 முதல் இப்பகுதியிற் போரிட்டார். 1761இல் பூலித்தேவரின் கோட்டைகளைக் கைப்பற்றினார். பூலித்தேவர் பெயரைப் பெருமையுடன் சொல்லும் மலையடியிலேயே அவரை வென்றவரின் பெயரால் ஓர் ஊர் இருக்கிறது. இரண்டையும் மக்கள் ஒரே மூச்சிற் சொல்லுகின்றனர்.

வென்றவரின் கதை நெடுநாள் நிற்கவில்லை. 1759இல் மதுரை, நெல்லைச் சீமைகளின் நிருவாகத்தை ஏற்ற யூசுப்கான், 1763இல் ஆர்க்காட்டு நவாபையும் கும்பினியையும் எதிர்த்து எழுந்தார். மதுரைக் கோட்டை இருமுறை முற்றுகையிடப்பெற்றது. கோட்டை விழவில்லை, உள்ளிருந்தோர் அவரைப் பிடித்துக்கொடுத்தனர். 1764 அக்டோபர் 15ஆம் நாள் மதுரையில் தூக்கிலிடப்பெற்றார். கயிறு இருமுறை அறுந்தது, உடலைக் கூறிட்டுப் பல ஊர்களுக்கு அனுப்பினர் என்பன மக்கள் வழங்கும் கதைகள். சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலம் உள்ளது. 1914இல் அவர் வரலாற்றை எழுதிய எசு. சி. இல் என்னும் ஆங்கிலேயர், நூற்பெயரிலேயே 'கலகக்காரக் கும்மந்தான்' என்று குறித்துவிட்டார். 1997இல் பெருவிழாவாகத் தொடங்கப்பெற்ற திரைப்படமோ இன்றுவரை முடிவுறவில்லை. நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல் மட்டும் 'கான்சாகிபு சண்டை' என்றே அவரை மதிப்புடன் அழைக்கிறது.

இங்கேதான் ஊர்ப்பெயர் ஆய்வாளர் சற்று நடுங்கவேண்டும். தூக்கிலேற்றப்பட்டவர்க்கு ஆட்சியாளர் பட்டத்தை விட்டுவைப்பதில்லை. ஊரார் விட்டுவைத்தனர். 'சாகிபு' தேய்ந்து தேய்ந்து ஓரெழுத்தாயினும், அந்தச் 'சா' இன்னும் 'ஐயா' என்றுதான் பொருள்படுகிறது. அதனைச் சாவு என்று பிரிப்பவர், அறியாமலே அம்மனிதரை இன்னொரு முறை தூக்கிலிடுகிறார். கதைப்படி பார்த்தால் அது நான்காம் முறை.

இஃது அச்சம் மட்டுமன்று, முன்பு நடந்ததுண்டு. சென்னையில் ஆமில்டன் பாலம் மக்கள் வாயில் அம்பட்டன் வாராவதி ஆயிற்று என்பர். பின்னர் அதனைப் பொருளறிந்து ஆங்கிலத்தில் பெயர்க்கவந்த ஒருவர் 'பார்பர்சு பிரிட்சு' என்றார். ஆமில்டன் ஆற்றோடு போனார். கான்சாபுரத்தைத் தனித்தமிழில் 'கானூர்' ஆக்கலாம் என்று எவரேனும் ஆர்வமுடன் எழுந்தால், கான்சாகிபும் அவ்வழியே போவார்; காடு மட்டும் மிஞ்சும். காட்டை வெட்டியவரின் பெயரைக் காடு விழுங்கியது என்று அதற்கும் ஒரு கவிதை எழுதப்படக்கூடும்.

இப்போதைக்கு அத்தகைய முயற்சி ஏதும் இல்லை. தென்னந்தோப்பிற்குள் இரவில் யானை இறங்கினால், மறுநாள் காலை நாளிதழில் கான்சாபுரம் என்றே அச்சாகிறது.