கேட்கப்படாதவர்களின் வாக்கு

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீட்டுப் பெண்மணிகள் அன்றாடம் கையாளும் சாஸ்திரம். ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கணிக்கப் புறப்பட்டவர்களும் இதே சாஸ்திரத்தைத்தான் நம்பினார்கள். ஆனால் பதம் பார்க்கிற பருக்கையைப் பானையின் எந்த இடத்திலிருந்து எடுப்பது? இந்தச் சின்னக் கேள்வியை அலட்சியம் செய்த ஒரு பெரிய பத்திரிகையின் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்றொரு வாரப் பத்திரிகை இருந்தது. ஜனாதிபதித் தேர்தல் வந்துவிட்டால், அது ஏராளமான பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டு அனுப்பும். திரும்பி வந்த சீட்டுகளை எண்ணி, வெற்றி யாருக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிடும். 1916 முதல் 1932 வரை ஐந்து தேர்தல்களிலும் அதன் வாக்கு பலித்தது. கைதேர்ந்த ஜோசியருக்குக்கூட அத்தனை கியாதி கிடைத்திராது!

1936-ல் ரூஸ்வெல்ட்டை எதிர்த்துக் கான்சாஸ் மாகாண கவர்னர் லாண்டன் நின்றார். பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பியது. 23 லட்சத்துக்கு மேல் பதில்கள் வந்து குவிந்தன. இருவருக்கும் கிடைத்த வாக்குகளில் நூற்றுக்கு 57 லாண்டனுக்கு என்று பத்திரிகை அறிவித்தது. நடந்ததோ வேறு. 48 மாகாணங்களில் 46 ரூஸ்வெல்ட் பக்கம் சாய்ந்தன. லாண்டனுக்கு மெய்னும் வெர்மாண்டும் மட்டுமே மிஞ்சின. 1938-ல் பத்திரிகையே நின்றுபோயிற்று.

எங்கே பிசகிற்று? விலாசங்களில் பெரும்பகுதியை டெலிபோன் புத்தகங்களிலிருந்தும் மோட்டார்ப் பதிவுப் பட்டியல்களிலிருந்தும் எடுத்திருந்தார்கள். வேலையின்மை வாட்டிய அந்த நாட்களில் டெலிபோனும் காரும் யார் வீட்டில் இருந்திருக்கும்? சீட்டுக் கிடைத்தவர்களிலும் முக்கால்வாசிப் பேர் பதில் எழுதவில்லை. ரூஸ்வெல்ட்டின் மேல் கோபம் கொண்டவர்களே அதிக அக்கறையோடு பதில் எழுதினார்கள் என்று பிற்கால ஆராய்ச்சிகள் சொல்கின்றன.

அப்படியானால் முந்தைய தேர்தல்களில் மட்டும் கணக்கு எப்படிப் பலித்தது? அப்போது மேற்சோறும் அடிச்சோறும் ஏறக்குறைய ஒன்றாகவே வெந்திருந்தன. ரூஸ்வெல்ட்டின் நிவாரணத் திட்டங்களும், 1935-ல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டமும், தொழிலாளர் சட்டமும் ஏழைகளை ஒரு பக்கமும் வசதி படைத்தவர்களில் பலரை மறு பக்கமும் நிறுத்திவிட்டன. அந்தப் பிளவு எவ்வளவு ஆழமானது என்பதைப் பத்திரிகையின் தவறான கணக்குத்தான் ஊரறியக் காட்டிக்கொடுத்தது.

அதே தேர்தலில், மிகச் சிறிய தொகையினரை மட்டும் விசாரித்து ரூஸ்வெல்ட்டின் வெற்றியைச் சரியாகச் சொன்னவர் ஜார்ஜ் காலப். ஆனால் 1948-ல் அவருக்கும் சறுக்கிற்று. வெல்வார் என்று அவர் சொன்ன டூயி தோற்றார், ட்ரூமன் வென்றார். விசாரணையைத் தேர்தலுக்கு வெகு முன்பே முடித்துக்கொண்டது ஒரு காரணம். இன்னாரைத்தான் விசாரிக்க வேண்டும் என்ற தேர்வைக் களத்துக்குப் போனவர்களின் சௌகரியத்துக்கு விட்டது மற்றொரு காரணம். அவர்கள் எளிதில் கண்ணில் படுகிறவர்களை, சற்று வசதியானவர்களையே அதிகமாகக் கேட்டுவிட்டார்கள்.

இன்று அபிப்பிராயக் கணக்குகளுக்குப் பஞ்சமில்லை. எத்தனை ஆயிரம் பேரைக் கேட்டார்கள் என்று வியப்பதற்கு முன், யார் வீட்டுக் கதவை அவர்கள் தட்டவில்லை என்று விசாரியுங்கள். தேர்தல் நாளன்று அந்த வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வாக்கு உண்டு.