மனத்தை அளந்த கோல்கள்: பச்சைமலையிலிருந்து ஒரு பார்வை

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடபகுதியில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமாக எழுந்து நிற்பது பச்சைமலை. துறையூரிலிருந்து மலைப்பாதையில் ஏறி டாப் செங்காட்டுப்பட்டியை அடைவோர், மரவள்ளிக் கொல்லைகளுக்கும் முந்திரி மரங்களுக்கும் இடையே வாழும் பழங்குடி மக்களைக் காண்பர். மலையாளி என்பது அவர்களின் பெயர், பேசுவதோ தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது அவர்களிடையே வழங்கிவரும் மரபுக்கதை.

இம்மலையில் பள்ளி வாசலை மிதித்தறியாத, எழுபது வயது கடந்த ஒரு மூதாட்டி இருப்பதாக எண்ணிக்கொள்வோம். மறதி மிகுகிறது என்று பிள்ளைகள் அவரை மருத்துவரிடம் அழைத்துவருகின்றனர். அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் தம்பதியரும் மெக்ஹியூவும் 1975 இல் வெளியிட்டு, இன்று உலகெங்கும் வழங்கும் சிறு மனநிலைப் பரிசோதனை அவர்முன் வைக்கப்படுகிறது. மொத்த மதிப்பெண் 30. 24க்குக் கீழே இறங்கினால் ஐயம் எழும். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வருவதற்கு 5 மதிப்பெண். ஒரு வாக்கியத்தைப் படித்து அதன்படி செய்வதற்கு 1. ஒரு வாக்கியம் எழுதுவதற்கு 1. ஒன்றையொன்று வெட்டும் இரு ஐங்கோணங்களைப் பார்த்து வரைவதற்கு 1. இந்த எட்டையும் அம்மூதாட்டி இழந்தால், எஞ்சிய அனைத்துக்கும் பிழையின்றி விடை சொன்னாலும் அவர் பெறுவது 22. நோய் ஏதுமின்றியே அவர் நோயாளி ஆகிவிடுகிறார். போதாக்குறைக்கு, நாம் இப்போது எந்த மாடியில் இருக்கிறோம் என்றொரு கேள்வியும் அதில் உண்டு. மாடியே இல்லாத ஊரில் அதற்கு என்ன விடை?

இப்படிச் சொல்வதால் உளவியல் சோதனைகள் அனைத்தும் பொய் என்று நாம் வாதிடுவதாகக் கருதலாகாது. அளவுகோல் வேண்டும், அது யாருடைய வாழ்வைக் கொண்டு வெட்டப்பட்டது என்ற கேள்வியும் வேண்டும். இந்தக் கேள்விக்கு நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதன் முக்கியமான அத்தியாயம் ஒன்று நம் தமிழகத்து மலை ஒன்றிலேயே எழுதப்பட்டது என்பதைப் பலர் அறியார்.

மனத்தின் நிலையை வெளியே தெரியும் ஓர் அடையாளத்தைக் கொண்டு அளக்கும் முயற்சி புதிதன்று. இப்னு சீனா தமது 'அல்-கானூன்' நூலில், காதல் நோயுற்றவர் தம் காதலருடைய பெயரைச் சொல்ல மறுக்கும்போது செய்யவேண்டியதைக் குறிக்கிறார்: நாடியில் விரலை வைத்துக்கொண்டு பெயர்களையும் ஊர்களையும் தெருக்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிவர வேண்டும், எந்தச் சொல்லில் நாடி மாறுகிறதோ அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும். கேள்வி, அளவீடு, மறுபரிசோதனை ஆகிய மூன்றும் அதில் அடங்கியிருக்கின்றன. ஆயினும் அது ஒரு மனிதரை அவருடைய இயல்பு நாடியோடு ஒப்பிட்ட சோதனை. ஒருவரைப் பிறர் கூட்டத்தோடு ஒப்பிட்டு எண் வழங்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வேரூன்றியது.

அக்காலத்து ஐரோப்பிய அறிஞர் பலரிடம் ஓர் எண்ணம் ஊறியிருந்தது. மலைவாழ் மக்களுக்குக் கண்ணும் காதும் விலங்குகளுக்குப்போலக் கூர்மையாக இருக்கும். ஆனால் அறிவு குன்றியிருக்கும் என்பது அது. இதைச் சோதித்தே பார்த்துவிடத் துணிந்தவர்களுள் ஒருவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மருத்துவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். 1898 இல் டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற ஆய்வுக்குழுவில் இடம்பெற்ற அவர், 1901-02 இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே தங்கினார். பார்வை, நிறமறிதல், தொடுவுணர்வு, வலியுணர்வு ஆகியவற்றை அளந்து, முடிவுகளை 1905 இல் பிரித்தானிய உளவியல் ஆய்விதழில் வெளியிட்டார். அதே காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் அளந்துகொண்டிருந்தார். இருவர் கையிலும் கருவி இருந்தது. ரிவர்ஸ் தம் கருவியிடமும் கேள்வி கேட்டார் என்பதே நாம் காணும் வேறுபாடு.

அவருடைய சோதனைகளுள் ஒன்று இன்றும் பேசப்படுகிறது. சம நீளமுள்ள இரு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புத்தலை உள்நோக்கியும், மற்றொன்றில் வெளிநோக்கியும் வரையப்பட்டிருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்று நீண்டதாகத் தோன்றும். இம்மாயத்தோற்றத்தில் ஆங்கிலேயர் ஏமாந்த அளவுக்குத் தோடர்கள் ஏமாறவில்லை. ஆனால் செங்குத்துக் கோட்டையும் கிடைக்கோட்டையும் ஒப்பிடும் மற்றொரு சோதனையில் தோடர்களே கூடுதலாக ஏமாந்தனர். ஒரே மக்கள், ஒரே கண்கள். ஒன்றில் மேல், ஒன்றில் கீழ். அறிவின் ஏற்றத்தாழ்வு என்று இதைச் சொல்ல இடமில்லை. செங்கோண மூலைகள் நிறைந்த வீடுகளிலும் தெருக்களிலும் வளரும் கண், கோடுகளை ஒருவிதமாகப் படிக்கப் பழகுகிறது என்ற விளக்கம் பின்னாளில், 1966 இல், சீகல் முதலியோரால் விரிவாக முன்வைக்கப்பட்டது. அது குறித்த விவாதம் ஓயவில்லையெனினும், சூழல் கண்ணைப் பழக்குகிறது என்ற வினா நீலகிரியிலேயே எழுந்துவிட்டது.

ரிவர்ஸ் தம் முடிவுகளை வெளியிட்ட அதே 1905 இல் பாரிசில் ஆல்ஃபிரட் பினே, சிமோன் என்பாருடன் சேர்ந்து முப்பது பணிகள் கொண்ட நுண்ணறிவுச் சோதனையை வெளியிட்டார். பள்ளியில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து தனிக் கவனம் அளிக்கவேண்டும் என்பதே நோக்கம். அறிவு என்பது கூட்டவியலாத நிலைத்த அளவு என்ற கருத்தை பினே கடுமையாக மறுத்தார். அவர் 1911 இல் மறைந்தார். அடுத்த ஆண்டே ஜெர்மானியரான ஸ்டெர்ன், மன வயதை உடல் வயதால் வகுத்து ஈவு காணும் முறையைச் சொன்னார். அமெரிக்காவில் டெர்மன் 1916 இல் அதை நூறால் பெருக்கி 'நுண்ணறிவு ஈவு' ஆக்கினார். உதவிக்காகச் செய்த கருவி அங்கே தரம்பிரிக்கும் கருவியாயிற்று. முதல் உலகப் போரின்போது ஏறத்தாழ 17 இலட்சம் படைவீரர்கள் சோதிக்கப்பட்டனர். எழுத்தறியாதோருக்கும் ஆங்கிலமறியாதோருக்கும் என்று தனியே செய்த படச் சோதனையில், வலையில்லாத டென்னிஸ் ஆடுகளத்தையும் குழலில்லாத இசைத்தட்டுப் பெட்டியையும் காட்டி, குறைவது என்ன என்று கேட்டனர். இத்தாலியின் உழவர் குடும்பத்திலிருந்து கப்பலேறி வந்த இளைஞர் டென்னிஸ் வலையை எங்கே கண்டார்? இந்த மதிப்பெண்களைக் கொண்டு பிரிகம் 1923 இல் இனங்களைத் தரவரிசைப்படுத்தி நூல் எழுதினார். 1924 இல் குடியேற்றத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் சட்டமும் வந்தது. 1930 இல் பிரிகம் தம் முடிவுகள் ஆதாரமற்றவை என்று தாமே ஒப்புக்கொண்டார். சட்டமோ அப்படியே இருந்தது.

இவ்வரலாற்றில் நம்மை மிகவும் நிறுத்திவைப்பது 1931-32 இல் உஸ்பெகிஸ்தானில் நடந்த ஆய்வு. சோவியத் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா, பெரும்பாலும் எழுத்தறியாத முஸ்லிம் உழவர்களிடம் சுத்தியல், இரம்பம், கோடரி, மரக்கட்டை ஆகிய நான்கைக் காட்டி, சேராதது எது என்று கேட்டார். மரக்கட்டை என்பது எதிர்பார்த்த விடை. ஏனைய மூன்றும் கருவிகள். உழவர்களோ நான்கும் வேண்டும் என்றனர். கட்டையில்லாமல் இரம்பம் எதற்கு? பிறகு, பனி சூழ்ந்த தூரவடக்கில் கரடிகள் அனைத்தும் வெண்ணிறம். நொவாயா செம்லியா அங்கேயிருக்கிறது. அங்குள்ள கரடியின் நிறம் என்ன என்று கேட்டபோது, தாம் கண்டிராததைப் பற்றித் தம்மால் சொல்லவியலாது என்ற பொருளில் விடைகள் வந்தன. சோதனைத்தாளில் இது தோல்வி. காணாததற்குச் சாட்சி சொல்ல மறுப்பதை நம் மரபு நேர்மை என்று போற்றும். சிறிது காலமே பள்ளியில் பயின்றவர்கள், கேட்டவர் எதிர்பார்த்த விடையை எளிதில் சொன்னார்கள். ஆக, அந்தக் கேள்விகள் அளந்தது மனிதரின் அறிவையா, பள்ளிக்கூடத்தின் வாடையையா என்ற ஐயம் நியாயமானதே. இன்றைய நுண்ணறிவுச் சோதனைகளிலும் இரு பொருள்களுக்கிடையே ஒற்றுமை கூறும் பகுதி உண்டு என்பதை மறக்கலாகாது.

இந்தியாவிற்கு இச்சோதனைகள் மிஷனரிக் கல்லூரிகள் வழியே வந்தன. லாகூர் ஃபோர்மன் கிறித்தவக் கல்லூரியின் ஹெர்பர்ட் ரைஸ், பினே சோதனையை இந்துஸ்தானியில் அமைத்து 1929 இல் நூலாக வெளியிட்டார். காமத் என்பவர் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கு ஏற்ப அதைத் திருத்தினார். எனினும் நம் கருத்தில் உண்மையான திருப்பம் 1955 இல் சந்திர மோகன் பாட்டியா உத்தரப் பிரதேசத்தில் உருவாக்கிய செயற்சோதனைத் தொகுதியே. மரக்கட்டைகளால் வடிவம் அமைத்தல், கட்டங்களை நகர்த்துதல், வடிவம் வரைதல், உடனடி நினைவு, படத்துண்டுகளை இணைத்தல் என ஐந்து பணிகள் அதில் உண்டு. அவர் 642 எழுத்தறிந்த சிறுவரையும் 512 எழுத்தறியாத சிறுவரையும் சோதித்து, இரு சாராருக்கும் தனித்தனி நியமங்களை வகுத்தார். நியமம் என்பது ஒரு குழுவினர் இயல்பாகப் பெறும் மதிப்பெண்களின் அட்டவணை. அதனோடு ஒப்பிட்டால்தான் ஒருவருடைய எண்ணுக்குப் பொருள் பிறக்கும். எழுத்தறியாதவனை எழுத்தறிந்தவனுடைய கோலால் அளக்கக்கூடாது என்று ஓர் அட்டவணையின் வடிவிலேயே சொல்லிவிட்டார் பாட்டியா. (சிறுமியர் அவருடைய கணக்கில் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) பின்னர் நாகபுரியில் மாலின், குழந்தைகளுக்கான வெக்சுலர் அளவுகோலை இந்தியச் சூழலுக்கு மாற்றி 1969 இல் அளித்தார். அன்றாட வாழ்வில் ஒரு குழந்தை தானே உண்கிறதா, உடுத்துகிறதா, கடைக்குப் போய்வருகிறதா என்று பெற்றோரிடம் கேட்டறியும் வைன்லாண்டு சமூக முதிர்ச்சி அளவுகோலின் இந்திய வடிவமும் அவருடையதே.

ஈவின் கணக்கு எளிது. சராசரி 100; பெரும்பான்மையோர் 85க்கும் 115க்கும் இடையே நிற்பர்; 70க்குக் கீழே நூறில் இருவர் அளவில் இருப்பர். ஆயின் இந்த எழுபது என்னும் கோடு வெறும் புள்ளியியல் கோடன்று. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் 40 சதவீதக் குறைபாடு சான்றளிக்கப்பட்டால்தான் பல உரிமைகள் கிட்டுகின்றன. அறிவுசார் குறைபாட்டுக்கான சான்றிதழோ இத்தகைய சோதனைகளை நம்பியே வழங்கப்படுகிறது. மலைக் குழந்தைக்கு இங்கே இருபுறமும் இடர். நகரத்து நியமத்தால் அளந்தால் நன்றாயிருக்கும் பிள்ளை குறையுடையவன் ஆகலாம். நியமங்கள் பழையனவானால் அதற்கு நேர்மாறானது நிகழும். உலகின் பல நாடுகளில் தலைமுறைதோறும் மதிப்பெண் உயர்ந்துவருவதை ஜேம்ஸ் ஃப்ளின் 1980களில் எடுத்துக்காட்டினார். அவ்வாறாயின், பல்லாண்டுகட்கு முந்தைய அட்டவணை இன்றைய குழந்தைக்கு உள்ளதைவிடக் கூடுதல் எண்ணைத் தந்து, உதவிபெறும் கோட்டுக்கு வெளியே தள்ளிவிடக்கூடும்.

மனநலத்தை அளக்கும் வினாத்தாள்களின் சிக்கல் வேறு வகையானது. அங்கே சரி, தவறு என்று விடை இல்லை, சொல்லே கருவி. மனச்சோர்வுக்கு இன்று மிகப் பரவலாக வழங்கும் பி.எச்.கியூ-9 இல் ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவர் கூர்ந்து நோக்குவார். கவனிக்க: கூர்ந்து நோக்குவாரே அன்றி, அத்தாளைக் கொண்டு தீர்ப்பளிக்கமாட்டார். அது சல்லடை, தராசன்று. நம் பெண்கள் மனச்சோர்வு என்று சொல்வதில்லை. நெஞ்சு அடைக்கிறது, மனம் பாரமாயிருக்கிறது, தலை கனக்கிறது, எதிலும் மனம் ஒட்டவில்லை என்பர். ஆகவே மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. மருத்துவரின் நேர்காணலோடு ஒப்பிட்டு அத்தாள் இம்மண்ணில் மெய்யானதா என்று சோதிக்கவும் வேண்டும். பிரசவத்திற்குப் பிந்தைய மனச்சோர்வுக்கான எடின்பரோ அளவுகோலின் தமிழ் வடிவத்தை வேலூர் ஆய்வாளர்கள் 2005 இல் இவ்வாறு சரிபார்த்தனர். சென்னையில் 25,455 பேரிடம் அதே பி.எச்.கியூ வரிசையைச் சேர்ந்த பன்னிரண்டு கேள்விகள் கொண்ட தாளால் நடத்தி 2009 இல் வெளியான ஆய்வு, 15.1 சதவீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளைக் கண்டது.

இத்தாள்கள் கேட்காத ஒன்றும் உண்டு. கி.பி. 934 இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, உடலுக்கும் உள்ளத்துக்கும் நலம் கூறும் தமது நூலில் துயரத்தை இரண்டாகப் பிரித்தார்: காரணம் தெரிந்த துயரம், காரணம் தெரியாத துயரம். இரண்டுக்கும் மருந்து வேறு என்றார். வினாத்தாள் அறிகுறிகளை எண்ணுகிறது; மகனை இழந்த தாயா, காரணமின்றி வாடுபவரா என்று பிரிப்பது எதிரே அமர்ந்து கேட்பவரின் பொறுப்பாகவே இன்றும் இருக்கிறது.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டுண்டிருந்தவர்கள் தப்பவியலாமல் 28 உயிர்கள் போயின. நம் சமுதாயம் எளிதில் கடந்துவிடக்கூடாத நாள் அது. அம்மக்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். ஊரில் அவர்களுக்குக் கேள்வி கேட்கவும் மருந்து தரவும் ஆள் அரிதாயிருந்தது. வியப்பு என்னவெனில், அவ்வாறான ஆளை மாவட்டத்திற்கே கொண்டுசெல்லும் முயற்சி அதற்கு முன்பே தமிழகத்தில் தொடங்கியிருந்தது. 1996-97 இல் நடுவண் அரசு மாவட்ட மனநலத் திட்டத்தை நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது, தமிழகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டது திருச்சிராப்பள்ளி. ஏர்வாடி இருக்கும் இராமநாதபுரத்துக்கு அது பிறகே சென்றது. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளரைச் சங்கிலியிடுவதை வெளிப்படையாகத் தடைசெய்தது.

இனி நம் மூதாட்டியிடம் திரும்புவோம். அவருக்கு நேரவிருந்த அநீதியை முன்பே உணர்ந்தவர்கள் உண்டு. ஹரியானாவின் பல்லப்கட் பகுதியில் எழுத்தறியாத முதியோரை ஆராய்ந்த மேரி கங்குலி குழுவினர், 1995 இல் அச்சோதனையின் இந்தி வடிவத்தை வெளியிட்டனர். வாக்கியம் எழுதச் சொல்லும் இடத்தில், உங்கள் வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லுங்கள் என்று கேட்டனர். எழுதியிருப்பதைப் படித்து அதன்படி கண்ணை மூடச் சொல்லும் இடத்தில், என் முகத்தைப் பார்த்து நான் செய்வதையே செய்யுங்கள் என்றனர். மாடியைப் பற்றிய கேள்வியின் இடத்தில் ஊரையும் வீட்டையும் பற்றிய கேள்விகள் வந்தன. மொழிபெயர்ப்பாளர் மட்டும் செய்த வேலையன்று அது. கேள்விகளை ஊர் முதியோரிடமே கேட்டுக் கேட்டுத் திருத்தியது. செங்காட்டுப்பட்டியில் அதைச் செய்ய வருபவர், ஆண்டையும் தேதியையும் கேட்பதற்கு முன், ஆடி பிறந்துவிட்டதா என்றும், மரவள்ளி பிடுங்கியாயிற்றா என்றும் கேட்டுத் தொடங்கலாம்.