நிலக்கரிக்கு விடைகொடுத்த நாடு

1882 ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில், ஹோல்பார்ன் மேம்பாலத்தின் அருகே ஒரு மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. நிலக்கரியை எரித்துப் பொதுமக்களுக்கு மின்சாரம் வழங்கிய முதல் நிலையம் அதுவே என்பர். 2024 செப்டம்பர் 30 அன்று நாட்டிங்காம்ஷயரில் ராட்கிளிஃப் மின்நிலையம் மூடப்பட்டபோது, பிரிட்டனில் நிலக்கரி மின்சாரத்தின் கதை முடிவுற்றது. இடைப்பட்ட ஆண்டுகள் 142. நிலக்கரியின் வலிமையால் தொழிற்புரட்சியை ஈன்றெடுத்த அந்நாடு, அதனைக் கைவிட்டது எவ்வாறு? இவ்வினாவுக்கான விடையில், கரியமில வாயுவைக் குறைக்க விழையும் எந்த அரசுக்கும் பாடமுண்டு.

முதல் பாடத்தைக் கற்பித்தது ஒரு பேரிடர். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டனை நச்சுப் புகைமூட்டம் சூழ்ந்தது. வீட்டு அடுப்புகளும் ஆலைகளும் உமிழ்ந்த நிலக்கரிப் புகை, காற்றசைவின்றி நகரின்மீது படிந்து நின்றது. நாலாயிரம் பேர் மாண்டனர் என அன்று கணக்கிட்டனர்; பன்னிரண்டாயிரம் வரை இருக்கலாம் என்பது பிந்தைய ஆய்வாளர் கருத்து. 1956 இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. புகையில்லா மண்டலங்களை வகுத்த அச்சட்டம், கட்டளையிட்டதோடு நின்றுவிடவில்லை. வீட்டு அடுப்பை மாற்றும் செலவின் பெரும்பகுதியைப் பொதுநிதியே ஏற்றது. ஏழையின் அடுப்பை அணைக்கச் சொன்னவர்கள், அவனுக்கு வேறோர் அடுப்பையும் தேடித் தந்தனர்.

இந்த நல்லறிவு பின்னாளில் மறக்கப்பட்டது. 1920 ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டனின் சுரங்கங்களில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் உழைத்தனர். 1984 இல், இலாபமற்றவை எனக் கருதிய சுரங்கங்களை மூட அரசு முற்பட்டது. மூடலை எதிர்த்துத் தொழிலாளர் ஓராண்டுக் காலம் வேலைநிறுத்தம் செய்து, 1985 மார்ச்சில் தோற்றுத் திரும்பினர். அடுத்தடுத்து சுரங்கங்கள் மூடப்பட்டன; அவற்றையே நம்பியிருந்த ஊர்கள் வாழ்விழந்தன. 1990 களில் மின்நிலையங்கள் இயற்கை எரிவாயுவுக்கு மாறியதால் நாட்டின் கரியமில வாயு வெளியேற்றம் குறைந்தது உண்மையே. ஆனால் அன்று யாரும் அதை முதல் நோக்கமாகக் கொள்ளவில்லை. கணக்கேட்டில் நன்மை பதிவாயிற்று. அதன் விலையையோ ஒரு வகுப்பாரே சுமந்தனர்.

புகை கண்ணை எரிக்கும், நெஞ்சை அடைக்கும். கரியமில வாயுவுக்கோ நிறமில்லை, மணமில்லை. அதன் தீங்கு பல பத்தாண்டுகள் கடந்தே முழுமையாக வெளிப்படும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குக் கேட்கும் அரசு, ஐம்பதாண்டுக் கடமையை எங்ஙனம் நிறைவேற்றும்? 2008 இல் இயற்றப்பட்ட பருவநிலை மாற்றச் சட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. அச்சட்டம் முதலில் கட்டுப்படுத்தியது அரசைத்தான். ஒவ்வோர் ஐந்தாண்டிலும் நாடு வெளியேற்றத்தக்க அளவுக்கு முன்கூட்டியே வரம்பு குறிக்கப்பட்டது. ஆட்சியாளர் சொல்லுக்கு ஆடாத தனிக்குழு ஒன்று ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் கணக்குக் காட்டும். அரசு மறுமொழி கூறியே ஆகவேண்டும். 1990 இன் அளவிலிருந்து 80 விழுக்காட்டை 2050 க்குள் குறைப்பதென்ற அன்றைய இலக்கு, 2019 இல் நிகர பூச்சியமாக உயர்த்தப்பட்டது.

இலக்கு மட்டும் எதையும் சாதித்துவிடாது. 2013 இல் மின்நிலையங்கள் வெளியேற்றும் கரியமில வாயுவுக்குக் குறைந்தபட்ச விலை ஒன்று விதிக்கப்பட்டது. ஒரே அளவு மின்சாரத்துக்கு எரிவாயுவைவிட நிலக்கரி ஏறத்தாழ இருமடங்கு கரியமில வாயுவை வெளியிடுவதால், அவ்விலை நிலக்கரியையே பெரிதும் தாக்கியது. மறுபுறம், காற்றாலை அமைப்போருக்கு நீண்டகால விலை உறுதி ஏலமுறையில் வழங்கப்பட்டது. 2015 ஏலத்தில் மெகாவாட் மணிக்கு 114 பவுனுக்கும் மேலிருந்த கடற்காற்றாலை மின்சாரம், 2017 இல் 57.50 பவுனுக்கு இறங்கிற்று. 2012 இல் நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு நிலக்கரியிலிருந்து வந்தது; 2020 இல் அது 2 விழுக்காட்டுக்கும் கீழே சென்றது.

2015 இலேயே, பத்தாண்டுகளில் நிலக்கரி மின்நிலையங்கள் அனைத்தும் மூடப்படும் என்று அரசு அறிவித்தது. ஆகவே ராட்கிளிஃப் தொழிலாளர்க்கு முடிவு திடீரென வந்து விழவில்லை. தொழிற்சங்கங்களோடு பேசி, மறுபயிற்சிக்கும் வேறு பணிக்கும் வழி செய்யப்பட்டது. 1984 க்கும் 2024 க்கும் இடையிலுள்ள வேறுபாடு இதுவே.

எனினும் இதனைக் குறையற்ற வெற்றி என்று போற்றுவது மிகையாகும். 2023 அளவில் பிரிட்டனின் வெளியேற்றம் 1990 இல் இருந்ததில் ஏறத்தாழப் பாதியாயிற்று என்பர். ஆயின் பிற நாடுகளில் உற்பத்தியாகி அங்கு இறக்குமதியாகும் பொருள்களின் புகை அக்கணக்கில் சேராது. வீடுகளைச் சூடாக்குவதிலும் போக்குவரத்திலும் மாற்றம் மெதுவாகவே நிகழ்கிறது. 2008 இல் கட்சி வேறுபாடின்றி ஏற்கப்பட்ட அச்சட்டத்தை, ஆட்சிக்கு வந்தால் நீக்கப்போவதாக 2025 இல் கன்சர்வேட்டிவ் கட்சித் தலைமை அறிவித்தது. மின்கட்டணச் சுமையால் வருந்தும் மக்களிடம் இத்தகைய பேச்சு எளிதில் எடுபடும்.

அதனால்தான் இவ்வரலாறு நமக்கு வேண்டியதாகிறது. வரம்பு, விலை, மாற்றுவழி, முன்னறிவிப்பு ஆகிய நான்கும் சேர்ந்த இடத்தில் கரியமில வாயு குறைந்தது, மக்களும் பொறுத்துக்கொண்டனர். சுமையை எளியோர் தலையில் இறக்கி வைத்தபோதோ, நாற்பதாண்டு கடந்தும் அவ்வூர்களில் மனக்கசப்பு ஆறவில்லை. நாளை எந்நாடு தன் சுரங்கத்தையோ அனல்நிலையத்தையோ மூட முற்படினும், எத்தனை டன் குறையும் என்று கேட்பதற்கு முன்னரே, அங்கு உழைப்பவரின் பிள்ளைகள் அடுத்த ஆண்டு எதை உண்பர் என்று கேட்பது நலம்.