பலாங்கொடையில் கல் தேடியவரும் மொஸ்கோவில் மரபு பேசுவோரும்



அன்பின் பொகவந்தலாவை உறவுகளே,

“ரஷ்யாவில் சனங்கள் திரும்பவும் பழைய தெய்வங்களைக் கும்பிடத் தொடங்கிவிட்டார்களாமே சேர், உண்மையா?” என்று ஒரு மாணவன் எம்மிடம் கேட்டான். பதில் கொஞ்சம் நீளம். அதனால்தான் இந்தப் பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

உண்மைதான், ஆனால் தொகை சிறியது. 988இல் இளவரசர் விளாதிமிர் கிறிஸ்தவத்தை ஏற்றபோது, இடிதெய்வமான பெரூனின் மரச்சிலையை கியேவில் ஆற்றில் தள்ளச் செய்தார் என்கிறது பழைய வரலாற்றேடு. ஆயிரம் வருடம் கழித்து, சோவியத் ஆட்சி தளர்ந்த காலத்தில், சிலர் அந்தத் தெய்வங்களை மீண்டும் எழுப்பினார்கள். இயற்கையை நேசிப்போரும் இனவெறி பேசுவோரும் அவர்களுக்குள் உண்டு. பலர் ஆதாரமாகக் காட்டும் ‘வேலெஸ் நூல்’ பிற்காலப் போலி என்பதே மொழியியல் அறிஞர்களின் முடிவு.

இதே காலத்தில் மொஸ்கோவில் இன்னொரு கூட்டம் ‘மரபுவாதம்’ என்ற தத்துவத்தைப் படித்தது. நவீன உலகம் ஆன்மிகத்தை இழந்துவிட்டது, பெரிய மதங்கள் அனைத்தினதும் அடியில் ஒரே ஞானம் இருக்கிறது என்பது அதன் சாரம். அந்தத் தத்துவத்தின் தூண்களில் ஒருவர் நம் நாட்டவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை சேர் முத்து குமாரசுவாமி தமிழர், தாய் ஆங்கிலேயர். இலங்கையின் கனிய ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தபோது, 1904இல், நம் மலைக்கு அப்பாலுள்ள பலாங்கொடைப் பகுதிச் சரளையில் தோரியனைற் என்ற கனியத்தைக் கண்டெடுத்தார். கல் தேடி ஊர் ஊராகப் போனவர், கண்டிச் சீமையின் கைவினைகள் அழிவதைக் கண்டு கலங்கினார். அந்தத் தொழிலாளரின் அறிவை ஆராய்ந்து 1908இல் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற பெருநூலை வெளியிட்டார். தமிழரின் மகன் சிங்களவரின் மரபைக் காத்த கதை இது. பிறகு அமெரிக்காவின் பொஸ்டன் நூதனசாலையில் பணியாற்றி 1947இல் காலமானார். நாம் வெள்ளிதோறும் ஓதும் சூரத்துல் கஹ்பின் விளக்கவுரைகளில் வரும் ஹிழ்ர் (அலை) அவர்களைப் பற்றியும் 1934இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்.

அவரோடு கடிதத் தொடர்பில் இருந்தவர் பிரான்ஸில் பிறந்த ரெனே கெனோன். ஷாதுலிய்யா தரீக்காவில் இணைந்து, அப்துல் வாஹித் யஹ்யா என்ற பெயருடன் 1930 முதல் கெய்ரோவில் வாழ்ந்து, 1951இல் அங்கேயே வபாத்தானவர். அவர் வலியுறுத்திய ஒரு விடயம் நமக்குப் புதிதல்ல. ஸில்ஸிலா அறுந்த மரபைப் புத்தகத்தை வைத்து மீண்டும் கட்ட முடியாது என்பதே அது.

மொஸ்கோவில் இந்த நூல்கள் பல திசைகளில் இழுக்கப்பட்டன. கெய்தர் ஜமால் இஸ்லாமிய அரசியலுக்குள் போனார். அலெக்சாந்தர் டூகின் இத்தாலியரான எவோலாவின் ‘பேகன் ஏகாதிபத்தியம்’ நூலை மொழிபெயர்த்தார். ஆனால் அவர் பெரூனைக் கும்பிடப் போகவில்லை. பழைய சடங்குமுறை பேணும் கிறிஸ்தவரானார். இன்று உக்ரைன் போரை ஆதரிக்கிறார். ஆன்மிகமாக ஆரம்பித்த பேச்சு சாம்ராஜ்யக் கனவுக்குத் துணைபோனது.

இங்கேதான் நமக்குப் பாடம். மரபு என்ற அதே சொல் ஒருவரைக் கைவினைஞரின் வாசலில் மாணவனாக உட்கார வைத்தது, இன்னொருவரைப் போருக்கு வக்காலத்து வாங்க வைத்தது. முன்னோர் சொன்னது நம்மைக் கட்டுப்படுத்தினால் அது மரபு. நமக்கு வேண்டியதை முன்னோர் வாயில் போட்டால் அது அரசியல்.

தூரம் போக வேண்டாம். அதே பலாங்கொடைப் பக்கம் கூரகல தப்தர் ஜெய்லானி இருக்கிறது. அங்கே பழைய பிராமிக் கல்வெட்டும் உண்டு, நம் மூத்தோரின் ஸியாரத் நினைவும் உண்டு. ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்கக் கேட்பது எந்த மரபும் அல்ல. நாம் கேட்டாலும் அப்படித்தான்.

கோபப்படுவதற்கு முன் ஒரு வேலை செய்வோம். நம் ஊருக்கு முதலில் வந்தவர்கள் யார், யார் கடை வைத்தார்கள், தோட்டத்துச் சனங்களோடு எப்படிப் பழகினார்கள் என்று அறிந்த வாப்புமாரும் உம்மம்மாமாரும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்த விடுமுறையில் பிள்ளைகளைக் கொப்பியும் பேனையுமாக அவர்களிடம் அனுப்புங்கள். எழுதாத வரலாற்றை நாளை யாரும் எப்படியும் எழுதலாம்.

பிழையிருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்வோம். அல்லாஹ் நன்கறிந்தவன்.

வஸ்ஸலாம்.