கணக்குப் பக்கமும் மூன்று தலைப்பு வரிகளும்

லாகின் செய்த ஒருவர் தன் கணக்குப் பக்கத்தைத் திறக்கும்போது, நன்கு எழுதப்பட்ட ஒரு சர்வர் பக்கத்தோடு சேர்த்து இந்த மூன்று வரிகளையும் அனுப்பும்:

கேஷ்-கன்ட்ரோல்: பிரைவேட், நோ-கேஷ்
ஈடேக்: "அ7"
வேரி: குக்கி

பிரைவேட்: கேட்டவரின் பிரவுசர் மட்டும் இதைச் சேமிக்கலாம், வழியில் நிற்கும் சிடிஎன், பிராக்ஸி எதுவும் சேமிக்கக் கூடாது. மூன்று வரிகளுக்கும் உயிர்நிலை இதுதான். ஆத்தரைசேஷன் தலைப்போடு வரும் கோரிக்கைக்கான பதிலை, சர்வர் வெளிப்படையாக இசைந்தாலன்றிப் பொதுக் கேஷ் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது 2022-இல் வெளிவந்த, கேஷ் விதிகளை வகுக்கும் ஆர்எஃப்சி 9111. குக்கிக்கு அப்படி ஒரு காவல் அதில் இல்லை. ஆனால் எத்தனையோ தளங்கள் லாகின் அடையாளத்தைக் குக்கியில்தான் வைக்கின்றன. ஆகவே பிரைவேட் என்ற சொல்லை நாமேதான் எழுத வேண்டும்.

பொதுக் கேஷ் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் விளையாட்டுக் கடைமேல் தாக்குதல் நடந்தது. அதனால் எழுந்த நெரிசலைத் தாங்குவதற்காகப் போடப்பட்ட கேஷ் அமைப்பு ஒன்று தவறிப்போய், ஒருவருக்கான பக்கத்தை வேறொருவருக்குக் காட்டியது. ஏறத்தாழ 34,000 பேரின் விவரங்கள் பிறர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே அறிவித்தது. மின்னஞ்சல், பில் முகவரி, வாங்கிய பொருள்களின் பட்டியல் எல்லாம் அதில் அடங்கும். யாரும் கடவுச்சொல்லை உடைக்கவில்லை.

நோ-கேஷ்: சேமித்துக்கொள், ஆனால் என்னைக் கேட்காமல் எடுத்துக் காட்டாதே என்பது இதன் பொருள். சேமிக்கவே கூடாத பக்கத்துக்கு நோ-ஸ்டோர் உண்டு. வங்கிக் கணக்கு, மருத்துவ அறிக்கை போன்றவற்றுக்கு அதையே போடுங்கள்.

ஈடேக்: பக்கத்தின் பதிப்பு அடையாளம். அடுத்த முறை பிரவுசர் "என்னிடம் அ7 இருக்கிறது, இன்னும் செல்லுமா?" என்று கேட்கும். செல்லுமென்றால் சர்வர் 304 என்ற எண்ணோடு நிறுத்திக்கொள்ளும். பக்கத்தை மறுபடி அனுப்பாது. கேஷும் அடையாளச் சோதனையும் சேரும் மூட்டு இதுவே. இங்கே வரிசை முக்கியம்: முதலில் செஷன் உயிரோடு இருக்கிறதா, அடுத்து இந்தப் பக்கத்தைப் பார்க்க இவருக்கு உரிமை உண்டா, அதன் பிறகே ஈடேக். மிடில்வேரில் இதை மாற்றி அடுக்கினால், லாக்அவுட் ஆனவருக்கும் 304 போகும். பிரவுசர் பழைய பக்கத்தை விரித்துக் காட்டும். செஷனைப் பார்க்க ஆகும் செலவு மிகச் சிறியது. பக்கத்தை மறுபடி கட்டுவதும் அனுப்புவதும்தான் பெரிய செலவு; அது எப்படியும் மிச்சமாகிறது. எனவே வேகத்துக்காகச் சோதனையைத் தள்ளிவைக்க நியாயமே இல்லை.

"அ7"-இல் உள்ள "அ" பயனரைக் குறிப்பது. வெறும் 7 என்று வைத்தால் என்ன ஆகும்? பிரவுசிங் சென்டரில் ஒருவர் எழுந்துபோக, அதே கணினியில் அடுத்தவர் லாகின் செய்கிறார். அவருடைய பக்கமும் ஏழாம் பதிப்பாக இருந்தால், சர்வர் 304 சொல்லும். முன்னவர் பக்கம் திரையில் வந்து நிற்கும்.

வேரி: குக்கி மாறினால் பதிலும் மாறும் என்ற அறிவிப்பு. நல்லதுதான், ஆனால் இதைப் பூட்டாக நம்பக் கூடாது. பொதுப் பக்கங்களில் இதைப் போட்டால், விளம்பரக் குக்கிகள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் பொதுக் கேஷ் பயனற்றுப் போகும்.

புதிய கேஷ் அமைப்பை வெளியிடும் முன், இரண்டு கணக்குகளில் லாகின் செய்து ஒரே முகவரியைச் சிடிஎன் வழியாக மாறி மாறித் திறந்து பாருங்கள். பிறகு லாக்அவுட் செய்துவிட்டு இன்னொரு முறையும் திறந்து பாருங்கள்.