தூங்குமூஞ்சி என்று சொல்லுமுன்

தூங்குமூஞ்சி, சோம்பேறி, கும்பகர்ணன். பகலில் கண்ணயர்பவனுக்கு நம் ஊரில் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் அப்படிப்பட்ட பையனை "லுவார்" என்பார்கள். அது பார்ப்பதற்கு அணில் போலிருக்கும் ஒரு சிறு பிராணி. குளிர்காலம் முழுவதும் பொந்துக்குள் தூங்கிவிடும். தமிழானாலும் பிரெஞ்சானாலும் இந்தப் பெயர்கள் எல்லாம் ஆளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற பெயர்களே.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் சாய்வதை நான் சொல்லவில்லை. ஒரு மணிக்குக் கடையைச் சாத்தி நாலு மணிக்குத் திறக்கிற புதுச்சேரியில் பிறந்தவன் அதைக் குறை சொல்லலாமா? நான் சொல்வது வேறு. இரவு எட்டு மணி நேரம் படுத்து எழுந்தும், காலை பத்து மணிக்கு நாற்காலியில் தலை தொங்குகிறதே, அந்தத் தூக்கம். அது குணக்கேடு அல்ல, நோயாகவும் இருக்கலாம் என்று மருத்துவ உலகம் தெரிந்துகொள்ள நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தக் கதையில் பிரெஞ்சு மருத்துவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் வயதுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

முதலில் வருபவர் மருத்துவர் அல்லர், ஓர் ஆங்கில நாவலாசிரியர். 1836, 1837 ஆண்டுகளில் சார்லஸ் டிக்கன்ஸ் "பிக்விக் பேப்பர்ஸ்" நாவலை மாதந்தோறும் பகுதி பகுதியாக வெளியிட்டார். அதில் ஜோ என்று ஒரு வேலைக்காரப் பையன். நல்ல பருமன், சிவந்த முகம். நின்றபடி தூங்குவான், வேலைக்கு நடுவே குறட்டை விடுவான். வாசகர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். டிக்கன்ஸ் சிரிக்க வைக்கத்தான் எழுதினார். ஆனால் கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதுகிற பழக்கம் உள்ளவர் என்பதால், தெரியாமலேயே ஒரு நோயாளியைப் படம் பிடித்துவிட்டார்.

அடுத்தவர் ழெலினோ. 1828ல் பிறந்த இவர் பிரெஞ்சுக் கடற்படையில் மருத்துவராக இருந்தவர். 1880ல் பாரிஸ் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அந்த ஆள் ஒயின் பீப்பாய் வியாபாரி, வயது 38. ஒரு நாளைக்கு இருநூறு தடவை வரை தூக்கம் அவரை அடித்துப்போடும். சாப்பிடும்போதும் அது விடாது. வாய்விட்டுச் சிரித்தால், நல்ல வியாபாரம் படிந்தது என்று மகிழ்ந்தால், கால்கள் துவண்டு விழுந்துவிடுவார். மற்றவர்கள் வலிப்பு என்றார்கள். ழெலினோ, இது வலிப்பு அல்ல, தனி நோய் என்றார். கிரேக்கச் சொற்களைக் கொண்டு "நார்கொலெப்ஸி" என்று பெயரும் வைத்தார். இன்றும் உலகம் முழுவதும் மருத்துவர்கள் வழங்குவது அந்தப் பெயரைத்தான். மூளையில் விழிப்பைக் காக்கும் ஓரெக்சின் என்ற பொருள் இந்த நோயாளிகளுக்கு மிகக் குறைந்துபோயிருக்கிறது என்பது 2000ஆம் ஆண்டு வாக்கில்தான் தெரிந்தது. ஆக, பீப்பாய் வியாபாரி சோம்பேறி அல்ல என்று நிரூபிக்க 120 ஆண்டுகள்.

ஆனால் இது அபூர்வ நோய். நம்மைப் போன்றவர்கள் கவலைப்பட வேண்டியது, டிக்கன்ஸின் ஜோவுக்கு இருந்தது.

1956ல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். பெரிய கம்பெனி அதிகாரி, மிகப் பருமன். வாரந்தோறும் நண்பர்களோடு சீட்டாடுவார். ஒரு நாள் அவர் கைக்கு மூன்று ஏஸ், இரண்டு ராஜா வந்தது. போக்கர் ஆட்டத்தில் அது லட்டு மாதிரி கை. மனிதர் சீட்டைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார்! அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். மருத்துவர்களுக்கு டிக்கன்ஸின் ஜோ நினைவுக்கு வர, நோய்க்கு "பிக்விக்" பெயரையே வைத்தார்கள். பருமனால் மூச்சு போதவில்லை, ரத்தத்தில் கரியமில வாயு சேர்ந்துவிட்டது, அதனால் மயக்கம் என்பது அவர்கள் கண்ட காரணம்.

அதில் ஓரளவு உண்மை இருந்தது. ஆனால் அவர்கள் நோயாளியைப் பார்த்தது பகலில். இரவில் அவர் தூங்கும்போது என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை.

அதைப் பார்த்தவர்களில் முன்னோடிகள் பிரான்சின் மார்சேய் நகரத்து மருத்துவர்கள். அங்கே கஸ்தோ என்பவர் வலிப்பு நோய் ஆராய்ச்சியில் பெயர்பெற்றவர். 1965ல் அவரும் தஸ்ஸினாரி, துய்ரோன் என்ற இருவரும் "பிக்விக்" நோயாளியைத் தூங்கவைத்து, மூளையின் மின்னலைகளையும் மூச்சையும் சேர்த்துப் பதிவுசெய்தார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியிலும் இதே வேலை நடந்தது. காகிதச் சுருளில் கண்டது இதுதான். நோயாளி தூங்கியதும் தொண்டை தளர்ந்து அடைத்துக்கொள்கிறது. மூச்சு நிற்கிறது. பிராணவாயு குறைகிறது. மூளை பதறிப்போய் ஒரு கணம் விழிக்கிறது. பலத்த குறட்டையோடு மூச்சு திரும்புகிறது. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. ஓர் இரவில் நூற்றுக்கணக்கான தடவை. காலையில் நோயாளிக்கு எதுவும் நினைவில்லை. நன்றாகத் தூங்கியதாகவே சொல்வார். எட்டு மணி நேரம் படுத்திருந்தும் அவர் தூங்கவே இல்லை என்பதுதான் உண்மை.

பின்னாளில் கியெமினோ என்ற பிரெஞ்சு மருத்துவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டுக்குப் போய், இது பருமனானவர்களுக்கு மட்டும் வருவதல்ல, ஒல்லியானவர்களுக்கும் வரும் என்று காட்டினார். பத்து வினாடிக்குக் குறையாமல் மூச்சு நின்றால் ஒரு தடவை என்று கணக்கு. மணிக்கு ஐந்துக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. முப்பதுக்கு மேல் போனால் கடுமையான நோய். ஸ்லீப் ஆப்னியா என்று இப்போது சொல்கிறார்களே, அது இதுதான்.

இங்கே என் அலுவலகத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எண்பதுகளில் எங்கள் செக்ஷனில் ஒரு மூத்த எழுத்தர் இருந்தார். கணக்கில் புலி. பட்ஜெட் மாதத்தில் அவர் இல்லாமல் வேலை ஓடாது. ஆனால் பத்தரை மணிக்கெல்லாம் ஃபைல் மீது பேனா கோடு இழுத்துக்கொண்டே போகும். தலை கவிழ்ந்துவிடும். ஒருமுறை மேலதிகாரி சுற்றி வரும்போது குறட்டை விட்டுவிட்டார். மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தார். இரண்டாவது மெமோவுக்குப் பிறகு ஓராண்டு இன்கிரிமென்ட் நிறுத்தப்பட்டது. அந்த ஆணையை டெஸ்பாட்ச் ரெஜிஸ்டரில் பதிந்தவன் நான். காரணம் என்ற இடத்தில் "கடமையில் அசட்டை" என்றிருந்தது.

அவர் வீட்டு விசேஷத்துக்குப் போனபோது அவர் மனைவி தனியாக அழைத்துச் சொன்னார்: "ராத்திரியில மூச்சே நின்னுடுது தம்பி. நான் உலுக்குனாதான் திரும்பி வருது. அவரைப் பாத்துக்கிட்டே நான் தூங்கி வருஷக்கணக்கா ஆச்சு. இதை யார்கிட்ட போய்ச் சொல்றது?" மார்சேய் மருத்துவர்கள் கருவி வைத்துக் கண்டதை அந்த அம்மாள் கருவி இல்லாமலே கண்டிருக்கிறார். கேட்கத்தான் ஆள் இல்லை. ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கையில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். அவருக்கு இருந்தது இந்த நோய்தான் என்று தீர்ப்புச் சொல்ல நான் மருத்துவன் இல்லை. ஆனால் விளக்கம் கேட்ட அந்த மெமோவுக்குச் சரியான விளக்கம் அவர் மனைவியிடம்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் வைத்தியமும் எளிதாக இல்லை. தொண்டைக்குக் கீழே துளையிட்டுக் குழாய் வைப்பார்கள். அந்த நிலையை மாற்றியவர் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து மருத்துவர் காலின் சல்லிவன். மூக்கு வழியாக இடைவிடாமல் காற்றை அழுத்தி அனுப்பினால் தொண்டை மூடாது என்ற எளிய யோசனை அவருடையது. ஐந்து நோயாளிகளிடம் வெற்றி கண்டு 1981ல் கட்டுரை வெளியிட்டார். ஆரம்பக் கருவிகளுக்கு வேக்வம் கிளீனர் மோட்டாரையே பயன்படுத்தினார்களாம். இன்று தலைமாட்டில் வைக்கும் சிறு பெட்டியாகிவிட்டது. சீ-பேப் என்கிறார்கள். கடற்கரைச் சாலையில் என்னோடு காலையில் நடக்கும் நண்பர் ஒருவர் அதை மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறார். முதல் பத்து நாள் யானைத் தும்பிக்கை முளைத்தது போல இருந்ததாம். இப்போது அது இல்லாமல் வெளியூர் போக மாட்டார்.

வரலாறு போதும். நமக்கு ஆக வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பலத்த குறட்டை, நடுவே மூச்சு நின்று திணறி எழுவது, காலையில் தலைவலி, இரவில் பலமுறை சிறுநீருக்கு எழுவது, பகலில் அடக்க முடியாத தூக்கம், மாத்திரைக்கும் கட்டுப்படாத ரத்த அழுத்தம். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இது வரும். குறட்டை விடுவதாகச் சொல்ல அவர்கள் கூச்சப்படுகிறார்கள். ஓர் இரவுப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வீட்டிலேயே செய்யும் சிறு கருவியும் வந்துவிட்டது. கவனிக்காமல் விட்டால் இதயத்தையும் மூளையையும் பாதிக்கும். வண்டி ஓட்டுகிறவர் என்றால் அடுத்தவர் உயிருக்கும் ஆபத்து.

இன்னொன்று. தூக்கம் சரியில்லை என்று மெடிக்கல் கடையில் தாமாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போடுபவர்கள் நம்மில் பலர். இரவில் ஒரு கிளாஸ் போட்டால் தூக்கம் வரும் என்பவர்களும் நம் ஊரில் குறைவில்லை. இரண்டும் தொண்டையை இன்னும் தளர்த்தி அடைப்பை அதிகமாக்கலாம். ஏற்கெனவே டாக்டர் கொடுத்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். அவரைக் கேட்டே செய்யுங்கள். ஒருக்களித்துப் படுப்பதும் எடையைக் குறைப்பதும் பலருக்கு உதவும்.

மருத்துவரிடம் போகும்போது கணவனோ மனைவியோ கூட வரட்டும். நாம் எப்படித் தூங்குகிறோம் என்பது நமக்குத் தெரியாது. பக்கத்தில் விழித்துக் கிடப்பவருக்குத்தான் தெரியும்.