பகல் மாஸ்க், இரவு மாஸ்க்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பவுண்டரியின் பாதுகாப்புப் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். வார்ப்பு மணலைத் தட்டி உதிர்க்கிற இடம், கிரைண்டிங், உலை வாய் என்று சுற்றிவந்து, மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே தொங்கவிட்டிருப்பவர்களை மூக்குக்கு மேல் ஏற்றிப் போடச் சொல்வது என் அன்றாட வேலை. ஓய்வு பெறச் சில வருஷம் இருக்கும்போது எனக்கே ஒரு மாஸ்க் வந்து சேர்ந்தது. தூங்கும்போது போட்டுக்கொள்ள வேண்டியது. அதிலிருந்து ஒரு குழாய் போய் சிபாப் என்கிற காற்று இயந்திரத்தில் முடிகிறது. அன்றிலிருந்து இரண்டு மாஸ்க்கையும் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

"மூச்சு நின்னு நின்னு வருதுங்க, பயமா இருக்கு" என்று என் மனைவி பல மாதம் சொன்ன பிறகுதான் சென்னைக்குப் போய்த் தூக்கப் பரிசோதனை செய்துகொண்டேன். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை மூடிக்கொள்கிறது. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அது ஒரு தடை. மூச்சு வெகுவாகக் குறைந்துபோவதையும் சேர்த்து, மணிக்கு 5 முதல் 15 வரை இருந்தால் லேசானது, 30-ஐத் தாண்டினால் கடுமையானது என்று கணக்கு. எனக்கு 30-ஐத் தாண்டியிருந்தது. இந்தியாவில் வேலை செய்யும் வயதினரில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு இந்தத் தூக்க மூச்சுத்தடை இருக்கலாம் என்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. ஆனாலும் நம் பக்கத்தில் குறட்டையை நோய் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் குறைவு. திருவள்ளூர் வைத்திய வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் நோய் தீர வேண்டி அமாவாசைதோறும் எத்தனையோ பேர் வெல்லம் கரைக்கிறார்கள். வயிற்று வலிக்குக் கரைப்பார்கள், தோல் நோய்க்குக் கரைப்பார்கள். புருஷனின் குறட்டைக்காகக் கரைத்தவரை நான் கண்டதில்லை.

பகல் மாஸ்க்கில் காற்றை இழுப்பது நம் நுரையீரல். வடிகட்டித் துணியைத் தாண்டி இழுக்க வேண்டியிருப்பதால் உள்மூச்சு கனக்கும். வால்வு வைத்த மாஸ்க் என்றால் வெளிமூச்சு சுலபமாகப் போய்விடும். இரவு மாஸ்க்கில் இது தலைகீழ். காற்று அழுத்தத்தோடு உள்ளே வருகிறது, சிரமப்பட்டு இழுக்கத் தேவையில்லை. எதிரே வந்துகொண்டிருக்கிற காற்றைத் தள்ளிக்கொண்டு மூச்சை வெளியே விடுவதுதான் கஷ்டம். பல வருஷம் மாஸ்க்குக்குள் இழுத்து இழுத்து மூச்சுவிட்டுப் பழகியவன் நான். படுத்தவுடன் பழக்கதோஷத்தில் இழுத்தேன். நெஞ்சு நிறைந்து திணறியது. முதல் ராத்திரி பத்து நிமிஷம் தாங்கவில்லை.

அந்தக் காற்று எவ்வளவு என்று தெரிந்துகொண்ட பிறகுதான் பயம் பாதி குறைந்தது. இந்த அழுத்தத்தை நீரின் உயரத்தில் அளக்கிறார்கள், பெரும்பாலும் 4 முதல் 20 சென்டிமீட்டர் வரை. 10 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால் அடியில் என்ன அழுத்தம் இருக்குமோ, அதுதான் 10. அந்த ஒரு டம்ளர் தண்ணீரின் கனம் தொண்டை மூடிக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்கிறது. மூச்சை வெளியே விடும்போது மட்டும் அழுத்தம் கொஞ்சம் குறையும்படியும், படுத்தவுடன் 4-இல் தொடங்கி அரை மணி, முக்கால் மணியில் மெல்ல ஏறும்படியும் இயந்திரத்தில் வசதி உண்டு. இவற்றைப் போட்டுத் தரச் சொல்லி முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்காமல் திணறி, இயந்திரத்தைப் பீரோ மேல் ஏற்றிவைத்தவர்களை எனக்குத் தெரியும்.

1980 ஜூனில் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் இந்தச் சிகிச்சையை முதன்முதலாகச் செய்தார். கழுத்தில் மூச்சுக்குழாயைத் துளைத்து வழி உண்டாக்குவதுதான் அதுவரை இருந்த உறுதியான வைத்தியம். அதற்கு மறுத்த ஒரு நோயாளி, ராத்திரி முழுவதும் மூக்கில் காற்றை ஊதிப் பார்க்கச் சம்மதித்தார். தூசி உறிஞ்சும் கருவியின் மோட்டாரைக் காற்று ஊதும்படி மாற்றியிருந்தார் சல்லிவன். 1981-இல் 'லான்செட்' இதழில் 5 நோயாளிகளைப் பற்றி எழுதினார். ஆரம்ப நாளில் அந்த மாஸ்க்கை ஒவ்வொரு ராத்திரியும் முகத்தில் பசை வைத்து ஒட்ட வேண்டியிருந்ததாம். அதைப் படித்தபோது எனக்குக் கொடுத்திருந்த மெத்தென்ற சிலிக்கான் மாஸ்க்கைக் கையில் எடுத்து இன்னொரு முறை பார்த்தேன்.

இந்தச் சிலிக்கான் விஷயத்தில்தான் பவுண்டரி ஆட்கள் பெரும்பாலும் தவறு செய்கிறோம். பகல் மாஸ்க்குக்கு நான் கற்றுக்கொடுத்த விதி ஒன்றே ஒன்று: இடைவெளி இல்லாமல் படிய வேண்டும். மூக்குத்தண்டில் கம்பியை அழுத்து, பட்டையை இழு, இரண்டு கையாலும் பொத்தி ஊதிப் பார். கசிவு என்றால் சிலிக்கா தூசி உள்ளே போகிறது என்று அர்த்தம். அதே கையோடு இரவு மாஸ்க்கின் பட்டைகளையும் இழுத்துக் கட்டினேன். இரண்டே நாளில் மூக்குத்தண்டு புண்ணாகிவிட்டது, கசிவும் கூடியது. அந்த மெத்தை காற்றில் உப்பி முகத்தின் மேல் மிதக்க வேண்டியது. இறுக்கினால் அது மடிந்து, மடிப்பின் வழியே காற்று சீறும். இயந்திரம் ஓடும்போது, படுத்த நிலையிலேயே, கசிவு நிற்கிற அளவுக்கு மட்டும் பட்டையைச் சரிசெய்ய வேண்டும். உட்கார்ந்துகொண்டு சரிபார்த்தால் படுத்ததும் எல்லாம் மாறிவிடும், ஏனென்றால் முகத்தின் சதையே இடம் மாறுகிறது. தாடி இரண்டுக்கும் ஆகாது. இது ஒன்றில் மட்டும் என் பழைய பாடம் அப்படியே செல்லுபடியானது.

மாஸ்க்கின் முன்பக்கம் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். அதிலிருந்து உஸ்ஸென்று காற்று வரும். கசிவென்று நினைத்து அதை பிளாஸ்திரி போட்டு அடைத்த ஒருவரைப் பார்த்துப் பதறிப்போனேன். நாம் விட்ட மூச்சு வெளியேறுவது அந்தத் துளை வழியாகத்தான். அதை ஒருபோதும் மூடக் கூடாது.

இரண்டு மாஸ்க்குக்கும் நடுவே இதைவிடப் பெரிய வேற்றுமை ஒன்று உண்டு. பகல் மாஸ்க் விழிப்போடு சேர்ந்தது. தலைக்கு மேல் கிரேன், எதிரே உலை. மாஸ்க் போட்டவன் கண்ணும் காதும் கூர்மையாக இருக்கிறான். மூச்சு முட்டினால் ஓரமாகப் போய்க் கழற்றிக்கொள்வான். இரவு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு அந்தக் காவலை எல்லாம் இறக்கி வைக்க வேண்டும். முகத்தில் ஒரு பொருள் கட்டியிருக்கும்போது உடம்பு அதற்குச் சுலபத்தில் சம்மதிப்பதில்லை. ஆபத்தான இடத்தில் மாஸ்க் போட்டே பழகிய உடம்பு, மாஸ்க் என்றாலே ஆபத்து என்று விழித்துக்கொள்கிறது. எனக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

அதனால் பழகுகிற வேலையைத் தூக்கத்தில் செய்யக் கூடாது, பகலில் செய்ய வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்தபடி வெறும் மாஸ்க்கை முகத்தில் கையால் பிடித்துக்கொள்ளலாம். அடுத்த நாள் பட்டையை மாட்டலாம். பிறகு இயந்திரத்தைப் போட்டுக் குறைந்த காற்றில் அரை மணி நேரம். அப்புறம் மத்தியானத்தில் ஒரு குட்டித் தூக்கம். அதன் பிறகு ராத்திரி. கண்ணை மூடிக்கொண்டே ஒற்றை இழுப்பில் மாஸ்க்கைக் கழற்றவும் பழகிக்கொள்ள வேண்டும். எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம் என்று கைக்குத் தெரிந்துவிட்டால் நெஞ்சு படபடப்பது அடங்கும். எனக்கு ஆறாம் நாள் நாலு மணி நேரம் வந்தது. முதல் வாரத்தில் விட்டுவிடுகிறவர்கள் பின்னால் தொடர்வது அரிது என்பதால் அந்த ஒரு வாரத்துக்கு வீட்டார் பக்கத்தில் இருப்பது நல்லது. விடியற்காலை தன்னையறியாமல் கழற்றிப் போடுவது பலருக்கும் நடக்கும். கனவுத் தூக்கம் கூடுதலாக வருவதும், தொண்டை அதிகம் தளர்வதும் அந்த நேரத்தில்தான். விழித்துப் பார்த்தால் மறுபடி எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும்.

நம் ஊர் விஷயம் ஒன்று இருக்கிறது, மருத்துவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. இங்கே ராத்திரி என்பது எல்லோருக்கும் ராத்திரி இல்லை. நைட் ஷிப்ட் முடிந்து காலை ஆறு மணிக்கு வெளியே வருகிறவர் எட்டு மணிக்குப் படுக்கிறார். "ராத்திரியில் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, பகல் தூக்கத்தில் மாஸ்க் போடாமல் விடுகிறவர் உண்டு. தூக்கம் எப்போதோ அப்போது மாஸ்க், மத்தியானக் கண்ணயர்வுக்கும் சேர்த்து. அடுத்தது, மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 மணிக்குக் கரண்ட் போகும். அது பகலில் தூங்குகிறவருக்கு நடுநிசி. காற்றை ஈரப்படுத்தும் சூட்டுப் பகுதியை அணைத்துவிட்டால் இயந்திரம் இழுக்கும் மின்சாரம் கொஞ்சம்தான், வீட்டு இன்வெர்ட்டரே தாங்கும். அந்த ஈரப்படுத்தும் தொட்டியில் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். போர் தண்ணீர் ஊற்றினால் வெள்ளையாக உப்பு படிகிறது. பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரித் தண்ணீரையும் ஊற்றக் கூடாது, அது மூச்சுக்குள் போவதற்காகச் செய்ததல்ல. ரோலிங் மில் புகை வரும் தெருவில் இயந்திரத்தின் பில்டர் சீக்கிரம் கறுத்துவிடும், வாரம் ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். பழைய இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவர்களும் கவனிக்கட்டும்: உள்ளே இருந்த நுரைப்பஞ்சு சிதைந்து மூச்சில் கலக்கலாம் என்று பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் லட்சக்கணக்கான இயந்திரங்களைத் திரும்பப் பெற்றது.

எனக்கு ரொம்பத் தாமதமாகப் புரிந்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு மாஸ்க்குக்கும் உறவு உண்டு. தூசியில் வேலை பார்த்து மூக்கு அடைத்துக் கிடந்தால் இரவு மாஸ்க்கின் காற்று மூக்கில் ஏறாது; வாய் திறந்துகொள்ளும், காற்று வாய் வழியே ஓடிவிடும், காலையில் நாக்கு காய்ந்த மட்டையாக இருக்கும். பகலில் மாஸ்க்கை ஒழுங்காகப் போட்ட நாட்களில் எனக்கு ராத்திரி மாஸ்க் சுலபமாக நின்றது. இரண்டில் எதற்கு மனசு சீக்கிரம் இணங்கும் என்று கேட்டால் இரவு மாஸ்க்குக்குத்தான் என்பேன். சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும் சிலிகோசிஸ் வராமல் பகல் மாஸ்க் காக்கிறது, ஆனால் அந்தப் பலனைக் கண்ணால் பார்க்க முடியாது. இரவு மாஸ்க்கின் பலன் சில வாரத்தில் கைக்கு வந்தது. தலைவலி இல்லாமல் எழுந்தேன். கொல்கத்தா நெடுஞ்சாலையில் பைக்கில் வரும்போது கண் சொருகுவது நின்றது. சிகிச்சை பெறாத மூச்சுத்தடைக்காரருக்கு வாகன விபத்து ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்கின்றன ஆய்வுகள். கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடுகிற அந்த ரோட்டில் இதற்கு என்ன அர்த்தம் என்று நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பகல் மாஸ்க்கைக் கவனிக்க நான் இருந்தேன், இரவுத் தூக்கத்தைக் கவனிக்க யாருமில்லை. தொழிற்சாலையின் ஆண்டு மருத்துவப் பரிசோதனையில் நுரையீரலை ஊதச் சொல்கிறார்கள், கண்ணையும் காதையும் பார்க்கிறார்கள். நான் இருந்த இடத்தில் ஒரு தொழிலாளியிடமாவது எப்படித் தூங்குகிறாய் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. கனடா மருத்துவர் பிரான்சிஸ் சுங் 2008-இல் வெளியிட்ட கேள்விப் பட்டியலில் எட்டே கேள்விகள்: குறட்டை, பகல் களைப்பு, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, ரத்த அழுத்தம், உடல் பருமன், வயது, கழுத்தின் சுற்றளவு, ஆணா பெண்ணா. இதற்குப் புதிதாக வேண்டியது ஓர் அளவு நாடா மட்டும்தான். திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் தொழிற்சாலை மருத்துவ அறைகளில் இருக்கும் டாக்டர்களையும் என் இடத்தில் இன்று இருக்கும் பாதுகாப்பு அதிகாரிகளையும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பரிசோதனையில் அந்த எட்டுக் கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கிரேன் ஓட்டுகிறவரிடமும் லாரி ஓட்டுகிறவரிடமும் முதலில் கேளுங்கள்.